ஸ்ட்ரீம்ரிப்பர்

ஸ்ட்ரீம்ரிப்பர்: இணைய வானொலி ஒலிபரப்பை வீட்டுக் கணினியில் பாடல்வாரியாகப் பதிவுசெய்யும் கட்டற்ற மென்பொருள். கட்டளை வரியில் இயங்குவது. வின்ஆம்ப் இசை இயக்கியின் செருகுநிரலாகவும் வெளிவந்தது. ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் சேவையகங்கள் ஒலித்தரவுக்கு நடுவே குறித்த பைட் இடைவெளியில் பாடல் பெயரைச் செருகி அனுப்புகின்றன. பெயர் மாறும் இடத்தருகே மௌனத்தைத் தேடி, அங்கே கோப்பை வெட்டுகிறது இம்மென்பொருள். வந்த தரவு மறுகுறியாக்கமின்றிச் சேமிக்கப்படுவதால் தரம் குறைவதில்லை. 128 கிலோபிட் ஒலிபரப்பு மணிக்கு ஏறத்தாழ 58 மெகாபைட் இடம் பிடிக்கும்.

இதைப் பாடல் பதிவிறக்கியாகக் கருதுவோர் உண்டு. நாடாப் பதிவுக் கருவியின் வழித்தோன்றல் என்பதே பொருத்தம். கேட்பவர் பாடலைத் தேர்வதில்லை, நிலையம் ஒலிபரப்புவதே கிடைக்கும். பெயர் தாமதமாக வந்தால் அடுத்த பாடலின் தொடக்கம் முந்தைய கோப்பின் வாலில் ஒட்டிக்கொள்ளும். பாடல்களை ஒன்றன்மேல் ஒன்று இழைக்கும் நிலையங்களில் தேடுவதற்கு மௌனமே இராது. நாடா தானாகப் பிரித்துப் பெயரிட்டதில்லையே என்ற மறுப்பு வலுவானதுதான். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984இல் பீட்டாமேக்ஸ் காணொளிப் பதிவுக் கருவி வழக்கில் ஏற்றது, பிறகு பார்ப்பதற்கான வீட்டுப் பதிவை மட்டுமே. சேர்த்து வைப்பதை அன்று. ஆனால் சேர்த்து வைப்பதா என்பது பயன்பாடு பற்றிய கேள்வி, கருவி பற்றியதன்று. வெட்டும் வசதியை அணைத்துவிட்டு முழு நிகழ்ச்சியையும் ஒரே கோப்பாகவும் இதில் பதியலாம்.