இடியேறு எறிதல்: ஓர் இலத்தீன் வினைச்சொல்லும் திருச்சபையும்

இலத்தீன் மொழியில் மின்னலைச் சார்ந்த வினைச்சொற்களுள் இரண்டு, திருச்சபை வரலாறு பயில்வோர் அறியத்தக்கவை. 'ஃபுல்குராரே' என்பது மின்னுதல். 'ஃபுல்மினாரே' என்பது இடியேறு எறிந்து தாக்குதல். இரண்டும் ஒளிர்தல் என்னும் ஒரே வேரினின்று பிறந்தவை. எனினும், முதல் நூற்றாண்டுத் தத்துவ ஞானியாகிய செனெக்கா, முன்னதில் நெருப்புத் தோன்றுவதோடு அமைகிறது, பின்னதில் அது திரண்டு பாய்கிறது என வேறுபடுத்துகிறார். நம் வழக்கிலும் 'மின்னல் மின்னிற்று' என்பது வேறு, 'இடி விழுந்தது' என்பது வேறன்றோ? உரோமரின் சமயத்தில் இடியேறு சிறப்பாக யூப்பித்தரின் படைக்கலம்.

இவ்வினையிலிருந்து வந்த 'ஃபுல்மினாட்டா' என்னும் அடைமொழியை உரோமப் பேரரசின் பன்னிரண்டாம் லேகியோன் தாங்கியிருந்தது. ஏறத்தாழ கி.பி. 172இல் பேரரசர் மார்க்கு அவுரேலியுவின் சேனை தண்ணீரின்றித் தவித்தபோது, இந்த லேகியோனின் கிறிஸ்தவ வீரர்கள் ஜெபித்தனர் என்றும், மழை பெய்தது என்றும், பகைவர்மேல் இடி விழுந்தது என்றும், அதனாலேயே அப்பெயர் கிடைத்தது என்றும் எராப்போலியின் ஆயர் அப்பொல்லினாரியு உரைத்ததாக யூசேபியு எழுதுகிறார். ஆனால், காஸ்பியன் கடலருகே கோபுஸ்தானில், பேரரசர் தொமித்தியானின் காலத்தில் (81–96) பொறிக்கப்பட்ட கல்வெட்டிலேயே அந்த லேகியோனின் இப்பெயர் காணப்படுகிறது. மழை பெய்தது உண்மையாயிருக்கலாம். பெயரோ முக்கால் நூற்றாண்டுக்கு முந்தியது. துன்புறுத்தப்பட்ட சிறு கூட்டம், வானத்து இடி தன் பக்கம் நிற்க வேண்டுமென விரும்பியதை இவ்விளக்கம் காட்டுகிறது.

அதிகாரம் கைக்கு வந்தபின், அவ்விருப்பம் உரிமையாயிற்று. இடைக்காலத் திருச்சபைச் சட்ட மொழியில், சபைநீக்கத் தீர்ப்பை முறைப்படி அறிவிப்பதற்கே 'ஃபுல்மினாரே' என்னும் சொல் வழங்கிற்று. யூப்பித்தர் எறிந்ததை இப்போது ஆயரும் போப்பும் எறிந்தனர்.

இவ்விருவகை இடியையும் அறிந்தவர் மார்ட்டின் லூத்தர். 1505 ஜூலை 2ஆம் நாள், ஸ்டொட்டர்ன்ஹைம் அருகே மின்னலுக்கு அஞ்சித் துறவியாவதாகப் பொருத்தனை செய்தார். 1520இல் உரோமையிலிருந்து சபைநீக்க எச்சரிக்கை வந்தபோதோ, டிசம்பர் 10ஆம் நாள் விற்றன்பர்க் நகரில் அந்த ஆணையை நெருப்பிலிட்டார். 1521 ஜனவரி 3ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. வானத்து மின்னல் அவரை மடத்திற்கு அனுப்பிற்று. மனிதர் எறிந்த இடியோ அவரை அசைக்கவில்லை.

இதைக் கூறி உரோமையை மட்டும் குறைசொல்லுதல் எளிது. ஆனால், கிறிஸ்துவின் சீஷரிடத்திலேயே இச்சோதனை தோன்றியது. 'இடிமுழக்க மக்கள்' எனப் பெயர் பெற்ற யாக்கோபும் யோவானும் சமாரியக் கிராமத்தின்மேல் வானத்து அக்கினியை வருவிக்க விரும்பினர், ஆண்டவர் அவர்களையே அதட்டினார் (லூக். 9:54, 55). சபையில் ஒழுங்கு நடவடிக்கை தேவைப்படும் வேளைகள் உண்டு. அத்தகைய வேளையில் பிரசங்க பீடத்திலோ ஆலோசனைச் சங்கத்திலோ நிற்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: நான் ஏந்தியிருப்பது வழிகாட்டும் ஒளியா, எறியும் இடியா?

மனுஷகுமாரனின் வருகைக்கும் (மத். 24:27), உயிர்த்தெழுதலின் காலையில் கல்லறையருகே அமர்ந்த தூதனின் முகத்திற்கும் (மத். 28:3) மின்னல் உவமையாகிறது. இவ்விரண்டு இடங்களிலும் இலத்தீன் வேதாகமம் ஆளும் சொல் 'ஃபுல்குர்'. அது ஒளிரும் மின்னல்.