நோயறியும் முறையும் காப்புரிமையும்

1956 நவம்பர் முதல் நாள், விளவங்கோடு முதலிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை வகுக்கப்பட்டாலும் நோயுற்றோர் செல்லும் வழி மாறவில்லை. இருபுறத்து ஊர்களிலிருந்தும் மக்கள் 1981-இல் தோன்றிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடுகின்றனர். மருத்துவர் பழைய ஸ்கேன் படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, கட்டி சுருங்கிற்றா, வளர்ந்ததா என்று தேர்கிறார். இவ்வாறு தேரும் முறை ஒருவரது தனியுடைமை ஆகுமா?

அமெரிக்காவில் ஆயிற்று. எலியின் புற்றுத் திசுவும் நல்ல திசுவும் காந்தப் புலத்தில் வேறுபட்டு நடந்துகொள்வதை டாக்டர் ரேமண்ட் டமாடியன் 1971-இல் வெளியிட்டார். புற்றைக் கண்டறியும் கருவிக்கும் முறைக்கும் 1974-இல் காப்புரிமை பெற்றார். அவ்வுரிமையைக் கொண்டு அவரது ஃபோனார் கம்பெனி ஜான்ஸன் அண்ட் ஜான்ஸன் மீது தொடுத்த வழக்கு 1987-இல் மேல்முறையீட்டில் தோற்றது. அதே உரிமையும் பிறிதொன்றும் பற்றி ஜெனரல் எலெக்ட்ரிக் மீது தொடுத்த வழக்கோ 1997-இல் வென்றது. எதிர்த்தரப்பு ஏறத்தாழ 12 கோடியே 87 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

நம் நாடு வேறு வழி சென்றது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த என். இராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையே 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடிப்படையாயிற்று. மனிதருக்குச் சிகிச்சை செய்யும் முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்று அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு விலக்கியது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் நோயறியும் முறைகளையும் அவ்விலக்கில் வெளிப்படையாகச் சேர்த்தது. கருவிக்கு உரிமை உண்டு. அதைக்கொண்டு நோயை அறியும் முறைக்கு இல்லை.

எனினும் இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது எளிதன்று. கேரளத்தின் விண்ணப்பங்களும் தமிழ்நாட்டின் விண்ணப்பங்களும் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தையே அடைகின்றன. மேல்முறையீடுகளைக் கேட்ட தனி வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டபின், அவை உயர்நீதிமன்றங்களுக்கு வந்தன. 2023 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், தாயின் உடல் மாதிரியைக் கொண்டு கருவின் மரபுக்கூறுகளை ஆராயும் முறை பற்றிய வழக்கில், சிகிச்சையின் பொருட்டு நோயை வெளிப்படுத்தும் முறைகளே விலக்குக்கு உட்பட்டவை என்று பொருள் கொண்டு, உரிமையை மறுத்த ஆணையை நீக்கியது. உடலுக்கு வெளியே மாதிரியைச் சோதிப்பதால் மட்டும் ஒரு முறை விலக்கிலிருந்து தப்பிவிடாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

இச்சட்டத்தால் மட்டும் ஸ்கேன் கட்டணம் குறைந்துவிடாது. பொறியின் விலை பொறியின் விலையே. ஆயினும் இரு படங்களை ஒப்பிட்டு ஏழை நோயாளிக்கு உண்மை உரைக்கும் மருத்துவர், அவ்வறிவைப் பயன்படுத்த எவரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. பாறசாலையிலிருந்து புறப்படும் நோயாளிக்கும் களியக்காவிளையிலிருந்து புறப்படும் நோயாளிக்கும் இந்தப் பாதுகாப்பு ஒன்றே.