காற்றுக்கு ஒரு பற்று வரவு

மார்ச் 31 நெருங்கினால் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளின் கணக்குப் பிரிவில் ஒரு தனிக் கவலை தலைதூக்கும்: மிச்சம் இருக்கிற காற்றை என்ன செய்வது? ஆனியிலும் ஆடியிலும் 300 கிலோமீட்டருக்கும் அப்பால், ஆரல்வாய்மொழியில் வீசிய காற்று அது. யூனிட் யூனிட்டாக மின்வாரியப் பேரேட்டில் ஆலையின் பெயருக்கு வரவு வைக்கப்பட்டிருக்கும். காற்று அடங்கிய தை, மாசியில் அதை எடுத்துத் தறிக்கும் கதிருக்கும் செலவழிக்கலாம். நிதியாண்டு முடிந்தும் மிச்சம் இருந்தால், கொள்முதல் விலையில் 75 சதவீதத்தைக் கொடுத்து வாரியம் கணக்கை நேர் செய்துவிடும். இந்த ஏற்பாட்டுக்குத் தொழில் வட்டாரத்தில் 'பேங்கிங்' என்று பெயர்.

தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் காற்றிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ தொடங்குவார்கள். காற்று யுகயுகமாக வீசிக்கொண்டிருக்கிறது. இயந்திரம் டென்மார்க்கிலிருந்து வந்தது. இரண்டையும் இந்த மண்ணில் சேர்த்து வைத்தது கணக்குப் புத்தகம்தான். இன்று அந்தத் தொழில் திணறுவதும் அதே புத்தகத்தில்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலை குமரிமுனைக்குச் சற்று முன்னால் ஓர் இடைவெளி விடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, சுமந்து வந்த மழையை மேற்கே கொட்டிவிட்டு, புகுந்து வெளியேற வழி தேடும். பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என நான்கு வாசல்கள் அதற்குக் கிடைக்கின்றன. தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் எப்படிப் பீய்ச்சுமோ, அப்படித்தான் இந்த வாசல்களில் காற்றும் பாயும்.

கணவாயின் கிழக்குப் பக்கத்தில் முப்பந்தல். சேர, சோழ, பாண்டியர் மூவரும் ஔவையார் முன்னிலையில் மூன்று பந்தல் போட்டுக் கூடிய இடம் என்று ஊர்க்கதை. நெடுஞ்சாலையோரம் இசக்கியம்மன் கோயில். லாரி ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் கணவாயைக் கடப்பார்கள். திருவிதாங்கூருக்கும் பாண்டி நாட்டுக்கும் நடுவிலான வாசல் என்பதால் இங்கே கோட்டைச் சுவரும் காவலும் இருந்தன. திருவிதாங்கூரின் தளவாய் வேலுத்தம்பி கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து எழுந்தபோது, 1809 பிப்ரவரியில் ஆங்கிலப் படை இந்தச் சுவரை உடைத்துத்தான் உள்ளே போனது. அந்தக் காலத்தில் இந்தக் காற்றுக்கு யாரும் விலை வைக்கவில்லை. கண்ணில் மண்ணை வாரிப் போடுவது ஒன்றே அதன் வேலை.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிற வேகத்தில் காற்றாலை ஓடாது என்பது வேறு விஷயம். நொடிக்கு 3, 4 மீட்டரில் இறக்கை சுற்றத் தொடங்கும். 25 மீட்டரைத் தாண்டினால் இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் பிழைப்பு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். எனவே நல்ல இடத்துக்கும் சுமாரான இடத்துக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கே, எத்தனை மீட்டர் உயரத்தில், எந்த மாதத்தில் எவ்வளவு வீசுகிறது என்று துல்லியமாகத் தெரியாமல் எவரும் முதல் போட முடியாது.

அந்த அளவை நாட்டுக்குக் கொடுத்தவர் அன்னா மாணி. 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர், சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தவர். இந்திய வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976-ல் ஓய்வு பெற்றார். மற்றவர்கள் ஓய்வூதியத்தோடு ஒதுங்கும் வயதில் பெங்களூரில் ஒரு பட்டறையைத் தொடங்கி, காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளைச் செய்யவைத்தார். நாட்டின் காற்று விவரங்களைத் தொகுத்து 1983-ல் அவர் வெளியிட்ட நூலும், பின்னால் வந்த கணக்கெடுப்புத் தொகுதிகளும் காற்றாலைக்காரர்களின் பஞ்சாங்கம் ஆயின. அளவைக் கம்பங்கள் அப்போது 20, 25 மீட்டர் உயரம்தான். அந்த உயரத்துக் காற்றை வைத்து நாடு முழுவதற்கும் போட்ட தொடக்கக்கால மதிப்பீடு 20,000 மெகாவாட். இன்று 120 மீட்டர் உயரத்தில் கணக்கிட்டால் தமிழ்நாட்டுக்கு மட்டும் 68,000 மெகாவாட்டுக்கு மேல் வருகிறது. காற்று கூடிவிடவில்லை, நாம் கை நீட்டும் உயரம் கூடியிருக்கிறது.

1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசு சோதனை முறையில் காற்றாலைகளை நிறுவியது. அதே காலத்தில் குஜராத்தின் ஓகாவிலும் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலும் நின்றவை போல, ஒவ்வொன்றும் 55 கிலோவாட். சுற்றும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 15 மீட்டர். இப்போதைய இயந்திரங்களின் பக்கத்தில் வைத்தால் விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். அடுத்து டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் பெரிய பண்ணைகள் வந்தன. கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்ட அதே கயத்தாறுதான். காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் தேசிய நிலையமும் பின்னால் அங்கேயே அமைந்தது. மின்வாரியம் சொந்தமாக வைத்திருக்கும் காற்றாலைகள் அன்றைக்கும் இன்றைக்கும் சொற்பம், 20 மெகாவாட் கூட இல்லை. அதற்குப் பிறகு நட்டதெல்லாம் தனியார்.

தனியாரை இழுத்து வந்தது வருமான வரிச் சட்டம். காற்றாலை வாங்கிய முதல் ஆண்டிலேயே அதன் முழு விலையையும் தேய்மானமாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை. லாபம் பார்த்த கம்பெனிகளுக்கு மார்ச் மாதத்துக்குள் ஒரு காற்றாலையை நட்டுவிட்டால் போதும். 1990-களின் நடுவில் முப்பந்தலைச் சுற்றிய உடைமரக் காட்டிலும் பனங்காட்டிலும் கோபுரங்கள் முளைத்தது இப்படித்தான். ஊரார் அதைக் 'காத்தாடி' என்றார்கள். வானம் பார்த்த பூமியாகக் கிடந்த செவக்காட்டுக்குத் தரகர்கள் தேடி வந்தார்கள்.

வரிக்காக நட்டவர்களில் பலருக்கு அது சுற்றுகிறதா என்பதில் அக்கறை இல்லை. பஞ்சாலைக்காரர்களுக்கு இருந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு பெருகிய ஆலைகள் கோயம்புத்தூருடையவை. மின்சாரத்தின் விலைதான் நூலின் விலையைத் தீர்மானிக்கும் என்று மூன்று தலைமுறையாகத் தெரிந்தவர்கள். சொந்தக் காற்றாலையின் மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் ஏற்றிவிட்டு, ஆலையில் இறக்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அவர்களுக்கு அல்வா மாதிரி. ஆடியில் உபரியாக விளைந்ததை மாசிக்கு எடுத்து வைக்கலாம் என்றதும் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வந்து விழும் கேத்தனூர், உடுமலைப் பக்கமும் காற்றாலைகள் பரவின.

கம்பி மட்டும் தயாராக இல்லை. கிராமத்துப் பம்புசெட்டுக்கும் தெருவிளக்குக்கும் இழுத்த வலையில் திடீரென நூற்றுக்கணக்கான ஜெனரேட்டர்கள் வந்து தொங்கின. அந்தக் காலத்து இயந்திரங்களில் இருந்தவை இண்டக்ஷன் ஜெனரேட்டர்கள். மின்சாரத்தைத் தரும்போதே காந்தப்புலத்துக்கு வேண்டிய 'ரியாக்டிவ் பவர்' என்பதை வலையிலிருந்து உறிஞ்சும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குகிற வேலை. கெப்பாசிட்டர் போதவில்லை என்றால் மின்னழுத்தம் சரியும். சரிந்தால் இயந்திரம் துண்டித்துக்கொள்ளும். வெளியே அள்ளிக்கொண்டு போகிற காற்று. கோபுரத்தின் அடியில் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு. லைன் எப்போது வரும் என்று காத்திருக்கும் டெக்னீஷியன். சீசனில் இந்தக் காட்சி வாடிக்கையானது. 1996-97-ல் லாபம் காட்டும் கம்பெனிகளுக்குக் குறைந்தபட்ச வரி வந்ததும், வரிக்காக வந்த கூட்டம் கலைந்தது.

பிறகு மீண்டது. தேய்மானச் சலுகை 80 சதவீதமாகி, 2012-ல் நின்று, 2014-ல் திரும்பி, 2017-ல் 40 ஆனது. ஒவ்வொரு அசைவுக்கும் காற்றாலைகள் நடுவது ஏறி இறங்கியது. வானிலை அறிக்கையை விட நிதிநிலை அறிக்கையைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலின் பருவத்தைச் சொல்ல முடியும்.

மின்வாரியத்தின் தரப்பையும் சொல்லவேண்டும். ஆடியில் காற்று மின்சாரம் கொட்டும்போது வாரியம் அனல் மின்நிலையங்களைக் குறைத்து ஓட்ட வேண்டியிருக்கும். அதே யூனிட்டை ஆலை மாசியில் திருப்பிக் கேட்கும்போது சந்தையில் விலை கொடுத்து வாங்கித் தரவேண்டும். நெல் மலிந்த தை மாதத்தில் கடன் வாங்கி, ஐப்பசியில் அளந்து கொடுக்கிற சம்சாரியின் நிலை. 'உங்கள் காற்றை ஓர் ஆண்டு வைத்திருக்க எங்களிடம் குதிர் இல்லை' என்பதே அதன் வாதத்தின் சாரம். அதனால் பேங்கிங்குக்கான கட்டணம் படிப்படியாக ஏறியது. ஒழுங்குமுறை ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் வழக்குகள் குவிந்தன. ஆலைக்காரர்கள் சொல்வதும் பொய்யில்லை: வாரியம் 'நிறுத்து' என்று சொல்லி வீணாக்கிய காற்றுக்கு எந்தப் பேரேட்டிலும் வரவு இல்லை.

இந்தச் சண்டை உச்சத்தில் இருந்த 2012-ல் தமிழ்நாடு இருட்டில் கிடந்தது. காற்று வீசினால் கரண்ட் இருக்கும், நின்றால் போய்விடும். உபரியை வடக்கே அனுப்பவோ, பற்றாக்குறைக்கு வேண்டிய அளவு வாங்கவோ வழியில்லை. தென்மாநில மின்வலை நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைந்து இணையவே இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் அதை இணைத்தது. கயத்தாறு போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின்நிலையங்களும் வந்தன.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு நடத்திய முதல் காற்றாலை ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. ஆண்டு முடிவதற்குள் குஜராத்தில் 2.43. பெரிய கம்பெனிகள் அகலமான நிலமும் நல்ல லைனும் கிடைத்த பக்கம் போயின. 10,000 மெகாவாட்டைத் தாண்டியும், நெடுங்காலம் வைத்திருந்த முதலிடத்தைத் தமிழ்நாடு குஜராத்திடம் விட்டது.

முந்திக்கொண்டு நட்டதற்கு ஒரு விலை உண்டு. நாட்டிலேயே வளமான காற்று வீசும் இடங்களை 225, 250 கிலோவாட் கிழட்டு இயந்திரங்கள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைய 2.1 மெகாவாட் காற்றாலை ஒன்று, முள்ளக்காட்டின் 55 கிலோவாட் இயந்திரங்கள் 38-க்குச் சமம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நடவேண்டியதுதானே? நான்கு கோபுரத்தின் இடத்தில் ஒன்றுதான் நிற்கும்; நான்குக்கும் நான்கு முதலாளிகள். ஒருவரிடம் துண்டு நிலம், இன்னொருவரிடம் பழைய சலுகையோடு ஒப்பந்தம். புதுப்பித்தால் பேங்கிங் உரிமை போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. 2024-ல் மாநில அரசு புதுப்பிப்புக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்ட பிறகும் அந்தப் பயம் தீரவில்லை. கழற்றிய இறக்கைகளை என்ன செய்வது என்பது இன்னொரு தலைவலி. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த அவற்றைக் காயலான்கடைக்காரர் கூடச் சீந்தமாட்டார்.

காகிதத்தில் வைத்த காற்றை நிஜமாகவே சேமிக்கும் இடம் ஒன்று தமிழ்நாட்டில் முன்பே இருந்தது. ஆனைமலையில் 1980-களின் இறுதியில் ஓடத் தொடங்கிய காடம்பாறை நீரேற்று மின்நிலையம் அது, 400 மெகாவாட். மின்சாரம் மலிந்த நேரத்தில் மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரமாக எடுக்கும். ஆனால் அது சில மணி நேரத்துக் கணக்கு. ஆடிக்கும் மாசிக்கும் நடுவிலான ஏழு மாதத்தை அதனால் கடக்க முடியாது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று எழும்பி வருகிறது. கடலுக்குள் நடுவதற்கும் திட்டம் இருக்கிறது: குஜராத், தமிழ்நாடு கரைகளுக்கு அப்பால் தலா 500 மெகாவாட் என 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. மன்னார் வளைகுடாவில் வலை வீசுகிறவர்கள், கோபுரங்களுக்கு நடுவே படகு போக விடுவார்களா என்று கேட்கிறார்கள்.

முள்ளக்காட்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் கூப்பிடு தூரம்தான். இப்போது அங்கிருந்து காற்றாலை இறக்கைகள் வெளிநாட்டுக்குக் கப்பலேறுகின்றன. சில 80 மீட்டருக்கும் நீளமானவை. ஒற்றை இறக்கையைச் சுமந்த டிரெய்லர் வளைவில் திரும்பும்போது, முன்னாலும் பின்னாலும் ஆட்கள் டார்ச் அடித்தபடி நடக்கிறார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, வால் முனை தன் கூரையைத் தட்டாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்.