பெருந்தமனி: யானைக்கும் நமக்கும்

ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரும். பரணில் காவல் இருப்பவரின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். யானைக்கோ ஓய்வில் நிமிடத்துக்கு 30 துடிப்புதான். நமக்கு 70க்கு மேல். ஆனால் இரண்டு உடலிலும் இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனி ஒரே அமைப்புதான். முதல் கிளைகள் இதயத்துக்கே ரத்தம் தருகின்றன. பிறகு குழாய் வளைந்து தலைப்பக்கம் கிளைவிட்டு, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுப் பக்கம் போகிறது. மனிதரில் அது தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரியும்.

அதன் சுவரில் மூன்று அடுக்குகள். நடு அடுக்குதான் விசேஷம்: எலாஸ்டின் என்ற மீள்புரதத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சுண்டெலிக்கு ஏறக்குறைய 5 தகடுகள், மனித மார்புப் பகுதியில் 50க்கு மேல். உடல் பெருக்கப் பெருக்கத் தகடுகள் கூடும். ஒவ்வொரு தகடும் தாங்கும் பாரம் ஏறக்குறைய மாறாது என்று வோலின்ஸ்கியும் கிளாகோவும் 1967இல் காட்டினார்கள். யானைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

வேலையில்தான் வித்தியாசம். இதயம் சுருங்கும்போது பெருந்தமனி விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இதயம் தளரும்போது தானே சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. நமக்கு இதயம் தளர்ந்திருக்கும் இடைவெளி அரை வினாடி. யானைக்கு ஒரு துடிப்புக்கே 2 வினாடி ஆவதால், அதன் பெருந்தமனி ஒரு வினாடிக்கு மேல் தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். நம்முடையது அதிக தடவை விரிகிறது: 70 வயதுக்குள் 250 கோடி முறைக்கு மேல். யானைக்கு அதில் பாதிகூட இல்லை. எலாஸ்டினோ இளவயதிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அறுந்தது பழையபடி ஆகாது. வயதாக ஆகக் குழாய் விறைக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்க யானைகளிலும் தமனி நோய் இருப்பதை, வாழிடம் நெருக்கடியான இடங்களில் அது கூடுதலாக இருப்பதை, 1960களில் சில்வியா சைக்ஸ் பதிவு செய்தார். காடு சுருங்கிய நம் பகுதிக்கு வாழிட நெருக்கடி அந்நியச் செய்தி அல்ல.

ரத்தக் கொதிப்பும் புகையிலையும் மனிதரின் பெருந்தமனிச் சுவரை இன்னும் சீக்கிரம் கெடுக்கின்றன. கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பதுபோல் திடீரென வலித்தால், அது பெருந்தமனிச் சுவர் கிழிவதாக இருக்கலாம்; வாயு என்று கஷாயம் குடித்துக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.