தொண்டும் தொகையும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில், காத்தான்குடிக்குத் தெற்கே அமைந்த ஊர் ஆரையம்பதி. ஊதியம் பெறாது பிறர்க்கு உழைப்போரைத் தொகையிட்டுரைக்கும் ஆராய்ச்சி இக்காலத்தில் உலகெங்கும் வளர்ந்துள்ளது. அவ்வாராய்ச்சியின் அளவுகோல் இத்தகைய ஊர்களுக்கு எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

2010ஆம் ஆண்டில் முதன்முறையாக வெளிவந்த உலக ஈகைக் குறியீடு 153 நாடுகளைக் கணக்கிட்டது. கடந்த மாதத்தில் ஏதேனும் ஓர் அமைப்புக்காக நேரம் அளித்ததுண்டா என்பது அதன் வினாக்களுள் ஒன்று. இலங்கையில் 52 விழுக்காட்டினர் ஆம் என்றனர்; செல்வம் மிக்க பிரித்தானியாவில் 29 விழுக்காட்டினரே அவ்வாறு கூறினர். பெருமைக்குரிய எண்தான். ஆயினும் 'அமைப்பு' என்னும் சொல்லிலேயே இடர் தொடங்குகிறது. வைகாசியில் கண்ணகியம்மன் சடங்குக்கு நெற்குற்றும் பெண்கள் எந்த அமைப்பின் உறுப்பினர்? கோயில் வண்ணக்கரின் கணக்கேட்டில் உலக்கை பிடித்த நாழிகைகள் ஏறுவதில்லை.

ஊதியமில்லா உழைப்பெல்லாம் தொண்டாகிவிடாது என்பதும் உண்மையே. ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கரையோரங்களில் 'ஊழியம்' என்றது கட்டாய வேலையை. இராசகாரியம் என்னும் கட்டாயச் சேவையைப் பிரித்தானிய அரசாணை 1832இல் ஒழித்தது. அத்தகைய உழைப்பைத் தொண்டென எவரும் எண்ணார். 2013இல் தொழிற்புள்ளியியலாளரின் அனைத்துலக மாநாடு வகுத்த வரையறையும் கட்டாயத்தை விலக்கிற்று. அதே வரையறை, அமைப்பெதுவும் இன்றி அயலார்க்கு நேரே செய்யும் உதவியை ஏற்றுக்கொண்டது.

இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது மட்டக்களப்பின் குடிமுறை. கோயிற் கடமைகள் தாய்வழிக் குடிகளுக்குப் பங்கிடப்பட்டுள்ளன. தவறினால் சிறையில்லை; ஊரில் தலைநிமிர்ந்து நடத்தல் அரிது. ஆயின் அக்கடமையை உரிமையெனப் போற்றி, அதற்காக வழக்காடவும் துணிவோர் உளர். கட்டாயத்துக்காக வழக்காடுவார் யார்? ஆதலின் அதனைத் தொண்டின்பாற் சேர்த்தலே தகும்.

ஐக்கிய நாடுகளின் தொண்டர் திட்டம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாதந்தோறும் அமைப்புவழித் தொண்டு புரிவோர் உலகில் 6.5 விழுக்காட்டினர், அமைப்பின்றிப் புரிவோர் 14.3 விழுக்காட்டினர்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி இக்கரையை அழித்தபோது, முதல் நாழிகைகளில் நீரில் இறங்கியோரும் சடலங்களைச் சுமந்தோரும் உலை வைத்து உணவளித்தோரும் பெரும்பாலும் அயலவரே. நிறுவனங்கள் பின்னரே வந்தன. அடுத்த மாதம் ஒருவர் சென்று, எந்த அமைப்புக்காக நேரம் அளித்தீர் என்று வினவியிருப்பின், அவர்களுட் பலர் எதற்கும் இல்லையென்றே விடையிறுத்திருப்பர்.