மடி கிட்டாரின் சுருதிகளும் அவற்றைக் கற்ற வழிகளும்

கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடக்கையில் பிடித்த உருக்குக் கட்டையைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிக்கும் கருவி லாப் ஸ்டீல். சாதாரணக் கிட்டாரில் விரல்கள் தந்திக்குத் தந்தி வெவ்வேறு ஃப்ரெட்டில் அழுத்தி கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) உருவாக்கும். உருக்குக் கட்டை நேர்கோட்டில்தான் கிடக்கும். சற்றே சாய்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே எந்த கார்டு கிடைக்கும், எது கிடைக்காது என்பதை வாசிப்பவரின் விரலைவிட, தந்திகளுக்கு முன்கூட்டியே வைத்த சுருதிதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இந்தக் கருவிக்கு டஜன் கணக்கில் சுருதி அமைப்புகள் தோன்றியதற்கும், அவற்றுள் பல கற்றுக்கொடுக்க ஆளின்றி மறைந்ததற்கும் காரணம் இதுவே.

கதை ஹவாயில் தொடங்குகிறது. 1793இல் ஆங்கிலேய மாலுமி வான்கூவர் அரசர் கமேஹமேஹாவுக்குக் கால்நடைகளைப் பரிசளித்தார். அவை பெருகிக் காடெங்கும் திரியவே, 1830களில் மெக்சிகோ வழிவந்த மாடு மேய்ப்பவர்கள் வரவழைக்கப்பட்டனர். கிட்டார் அவர்களோடு தீவுக்கு வந்தது. ஹவாய் மக்கள் சில தந்திகளைத் தளர்த்தி, வெறுமனே மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி சுருதி வைத்துக்கொண்டார்கள். அவற்றில் பரவலானது கீழிருந்து மேலாக டி, ஜி, டி, ஜி, பி, டி. குடும்பத்துக்குக் குடும்பம் சுருதி மாறியது. பல குடும்பங்கள் தங்கள் சுருதியை வெளியாருக்குச் சொல்லாமல் காத்தன. கற்க விரும்பியவருக்கு இருந்த ஒரே வழி, உறவாகவோ நெருங்கிய நண்பராகவோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுதான்.

உருக்கை வைத்து வாசிக்கும் முறையைக் கண்டவர் என்று பொதுவாக ஏற்கப்படுபவர் ஜோசப் கெகுகு. 1874இல் ஓஹு தீவின் லாயியே ஊரில் பிறந்தவர். ரயில் பாதையோரம் கிடைத்த போல்ட் ஒன்றைத் தந்தியில் உரசியதில் எல்லாம் தொடங்கியது என்பது பலமுறை சொல்லப்படும் கதை. கமேஹமேஹா பள்ளியில் மாணவராக இருந்தபோது அங்குள்ள பட்டறையில் அவர் உருக்குக் கட்டையைச் செம்மைப்படுத்தினார் என்பார்கள். இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்பவரே முன்னோடி என்ற கூற்றும் உண்டு. தஞ்சைப் பகுதியில் சகாராம ராவ் போன்றோர் வளர்த்த கோட்டுவாத்தியமும் வழுக்கி வாசிக்கும் கருவி என்பதால், டேவியன் வழியாக ஒரு தொடர்பைக் கற்பித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆசை நல்லதுதான், ஆதாரம் இல்லை.

கெகுகு 1904இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். 1912இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘தி பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ நாடகமும், 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சியின் ஹவாய் அரங்கும் இந்த இசையை அமெரிக்கா முழுவதும் கொண்டுபோயின. திடீரென்று கற்க ஆசைப்பட்டவர்கள் ஏராளம். கற்றுத்தர ஹவாய்க்காரர்கள் சிலரே. அந்த இடைவெளியை அச்சுத் தாள் நிரப்பியது.

தாளில் ஆறு கோடுகள், ஒவ்வொரு கோடும் ஒரு தந்தி, கோட்டின் மேல் ஃப்ரெட் எண். மேற்கத்திய இசைக்குறிப்பு தெரியாத தையல்காரரும் கடைச் சிப்பந்தியும் ஒரே மாலையில் ஒரு பாட்டைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிடலாம். ஆனால் இந்த எளிமைக்குள் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டாம் தந்தி, மூன்றாம் ஃப்ரெட் என்று எழுதியிருந்தால், ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ என்ற ஏ மேஜர் சுருதியில் அது ஈ ஸ்வரம். அதே எண்ணை இரண்டாம் தந்தி சி ஆக இருக்கும் கருவியில் வாசித்தால் வருவது டி ஷார்ப். சுருதி மாறினால் வீட்டில் அடுக்கி வைத்த தாளெல்லாம் வீண். ஆகவே தாள் அச்சிட்டவர்கள் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டார்கள். மாணவர்களும் அதிலேயே நின்றார்கள்.

இதைப் பெரிய வியாபாரமாக்கியது ஹாரி ஸ்டான்லியின் ஓஹு பப்ளிஷிங் கம்பெனி. பெயர்தான் ஓஹு, இருந்த இடம் முதலில் மிச்சிகன், பிறகு ஓஹையோவின் கிளீவ்லாந்து. 1920களின் நடுவில் தொடங்கி, ஹோனோலுலு கன்சர்வேட்டரி என்ற பெயரில் ஊர் ஊராக வகுப்புகள் நடத்தியது. விற்பனையாளர் வீட்டுக் கதவைத் தட்டுவார். குழந்தை வாரம் ஒரு பாடத்துக்குப் பணம் கட்டும். கிட்டாரும் கைக்கு வரும். தாள்கள் படிப்படியாகக் கடினமாகும். வழக்கமான கிட்டாரின் தந்திகளை உயர்த்த, தலைப்பக்கம் அவற்றைத் தாங்கும் நட்டின் மேல் மாட்டும் சிறு உலோகத் துண்டும் அப்போது சாதாரணச் சரக்கு. ஹவாயை வரைபடத்தில்கூடப் பார்க்காத ஆயிரக்கணக்கான வீடுகளில் ஏ மேஜர் சுருதி குடிபுகுந்தது இந்த வழியில்தான். கற்பித்தலின் தரத்தைக் குறை சொல்லலாம். ஒரு நாட்டளவில் ஒரே சுருதியை நிலைநிறுத்திய சாதனையை மறுக்க முடியாது.

தாளுக்கு வெளியே இன்னொரு பள்ளி இருந்தது: இசைத்தட்டு. 1902இல் ஹோனோலுலுவில் பிறந்து, 1919இல் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா சென்ற சோல் ஹோபீ, ஜாஸ் கலந்த வேகமான வாசிப்பால் லாஸ் ஏஞ்சலஸில் புகழ்பெற்றார். ஏ மேஜர் சுருதியில் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மேஜர் கார்டுதான் தானாக வரும். அவர் வேறு சுருதிக்குப் போனார்: பி, டி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப், ஈ. கீழ் நான்கு தந்திகள் ஈ செவன்த் கார்டு. மேல் நான்கு தந்திகள் சி ஷார்ப் மைனர். இசைத்தட்டில் மட்டும் அவரைக் கேட்டவர்களுக்கு இது பெரும்பாடு. ஏ மேஜர் கிட்டாரை வைத்துக்கொண்டு எத்தனை முறை ஊசியைத் திருப்பி வைத்தாலும் அந்த ஒலிகள் ஒரே வீச்சில் வராது. சுருதியே வேறு என்று தெரிந்த பின்தான் கட்டை எங்கே நிற்கிறது என்பது புரியும்.

1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாமும் ரிக்கன்பேக்கரும் கொண்டுவந்த அலுமினிய ‘ஃப்ரையிங் பேன்’, கடைக்கு வந்து விலைபோன முதல் மின்கிட்டார்களில் முக்கியமானது. அது மடியில் வைத்து வாசிக்கும் கருவியே. மின்னொலி வந்ததும் நடனக் குழுக்களோடு வாசிக்க வேண்டியிருந்தது, அதற்குச் செழுமையான கார்டுகள் தேவைப்பட்டன. ஆறாவது, பதின்மூன்றாவது ஸ்வரம் சேர்ந்த சுருதிகள் பெருகின. ஸ்டீல் கலைஞர்களில் லியான் மெக்காலிஃப் ஒன்று வைத்தார், டான் ஹெல்ம்ஸ் ஒன்று வைத்தார். எட்டி ஆல்கயர் பத்துத் தந்தி வைத்த ஈஹார்ப் என்ற கருவியையும் அதற்கென்றே சுருதியையும் பாடங்களையும் உருவாக்கினார். நுட்பமான அமைப்பு, ஆனால் அவருடைய பாடங்களுக்கு வெளியே அது பெரிதாக வேரூன்றவில்லை.

வேரூன்றியது சி சிக்ஸ்த்: சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. கீழ் மூன்று தந்திகள் சி மேஜர், மேல் மூன்று தந்திகள் ஏ மைனர். கட்டையை நேராக வைத்தாலே மேஜரும் மைனரும் அருகருகே கிடைக்கின்றன. முதல் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டிலும் இரண்டாம் தந்தி ஆறாம் ஃப்ரெட்டிலும் விழும்படி கட்டையைச் சாய்த்தால் ஏவும் எஃப் ஷார்ப்பும் சேர்ந்து ஒலிக்கும். இப்படியான சாய்வுகளைச் சுருதி பிசகாமல் வாசிப்பதில் ஜெரி பைர்டுக்கு இணை சொல்வது கடினம். 1920இல் ஓஹையோவின் லைமாவில் பிறந்த அவர், ஹாங்க் வில்லியம்ஸின் ‘லவ்சிக் புளூஸ்’ ஒலிப்பதிவில் வாசித்தவர். சி சிக்ஸ்த் சுருதி பரவியதில் அவருடைய பங்கு மிகப் பெரியது.

1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துத் தந்தியின் சுருதியை வாசிப்பின் நடுவிலேயே மாற்றினார். அதன்பின் தொழில்முறைக் கலைஞர்கள் பெடல் ஸ்டீலுக்குத் தாவினர். இளைஞர்களை ராக் அண்ட் ரோல் இழுத்துக்கொண்டது. மடிக் கருவிக்குப் புதிய பாடநூல்கள் வருவது குறைந்தது.

இந்தியாவில் கதை வேறு விதம். ஹவாய் இசை வாசித்த டாவ் மோ குடும்பம் 1940களில் பல ஆண்டுகள் கல்கத்தாவில் வாழ்ந்தது. ஹவாயன் கிட்டார் வங்காளத்தில் ரவீந்திர சங்கீதத்துக்கும் சினிமாப் பாட்டுக்கும் உரிய வீட்டுக் கருவியாயிற்று. பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதை ராகத்துக்குப் பழக்கினார்; 1967இன் ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் அவர் வாசிப்பைக் கேட்கலாம். ராக இசைக்கு கார்டு தேவையில்லை. ஸட்ஜமும் பஞ்சமமும் நின்று ஒலிக்க, ஓரிரு தந்திகளில் ராகம் நகர்கிறது. குருவின் எதிரே உட்கார்ந்து கற்கும் முறையில், அமெரிக்கர்களை அலைக்கழித்த சுருதிக் குழப்பமும் எழவில்லை.

ஹவாயிலேயே இந்தக் கருவியை வாசிக்கும் இளையவர்கள் அருகிவந்த காலத்தில், 1972இல் ஜெரி பைர்ட் ஹோனோலுலுவில் குடியேறினார். ஹவாயிலிருந்து கற்ற ஓஹையோக்காரர் ஹவாய் இளைஞர்களுக்குத் திருப்பிக் கற்றுக்கொடுத்தார். ஆலன் அகாகா அவருடைய மாணவர்களில் ஒருவர். பைர்ட் தன் முறையைப் பெரிய பாடநூலாகவும் எழுதினார். 1985இல் ஹவாயன் ஸ்டீல் கிட்டார் அசோசியேஷன் உருவாயிற்று. அதன் நிறுவனர் லொரீன் ருய்மார் தொகுத்த வரலாற்று நூல் 1996இல் வந்தது. பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு எண்களாக எழுதிய ஸ்டேசி ஃபிலிப்ஸின் நூல், சோல் ஹோபீ காலத்து வாசிப்பைப் பலர் கைக்குக் கொண்டுவந்தது.

புதிதாகத் தொடங்குபவர் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதன் தலைப்பில் உள்ள சுருதி வரியை. தானாகப் பயில்வோருக்கு இன்று அதிகப் பாடம் கிடைக்கும் சுருதி சி சிக்ஸ்த். பழைய ஹவாய் பாட்டுகளே வேண்டுமென்றால் ஏ மேஜர். ஓஹு கம்பெனித் தாள்கள் அமெரிக்காவின் பழம்பொருள் கடைகளில் இன்னும் கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றன.