கேலிப்பர் ஸ்லைடர் பின் கிரீஸ்

டிஸ்க் பிரேக்கில் கேலிப்பரைத் தாங்கி, அது முன்னும் பின்னும் நகர வழிவிடும் எஃகுப் பின்களுக்கு இடும் மசகுப் பொருள். கார், சரக்கு வேன், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் பெரும்பாலும் உள்ளது மிதவைக் கேலிப்பர். அதில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். பிரேக்கை அழுத்தியதும் பிஸ்டன் உட்பக்கப் பேடை டிஸ்கில் அழுத்துகிறது. அந்த எதிர்விசையில் கேலிப்பர் பின்களின்மேல் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடையும் டிஸ்கோடு சேர்க்கிறது. நகரும் தூரம் மிகச் சிறிது. அது நின்றுபோனால் ஒரு பேடு மட்டும் தேயும், சக்கரம் சுடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் குறையும். பட்டறைகளில் இதைக் ‘கேலிப்பர் ஜாம்’ என்பார்கள்.

பின்னுக்கு எந்தக் கிரீஸ் என்பதை வெப்பத்தைவிட ரப்பரே தீர்மானிக்கிறது. பின்னைச் சுற்றி ரப்பர் உறை இருக்கிறது; பல கேலிப்பர்களில் இரண்டு பின்களுள் ஒன்றின் நுனியில் அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர் வளையமும் இருக்கிறது. இவை இன்று பெரும்பாலும் இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊறி உப்பும். உப்பிய ரப்பர் துளைக்குள் பின்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

வரலாறு

இந்த ரப்பர்ச் சிக்கல் டிஸ்க் பிரேக்கின் பரவலைவிடப் பழையது. மால்கம் லாக்ஹீட் 1917 இல் அமெரிக்காவில் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921 இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அந்தப் பிரேக்கோடு வந்தது. அக்காலத்து ரப்பர் வாஷர்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. கனிம எண்ணெயில் அவை ஊறிக் கெட்டன. அதனால் தொடக்ககாலப் பிரேக் திரவங்கள் பல, விளக்கெண்ணெயை ஆல்கஹாலில் கரைத்துச் செய்யப்பட்டன.

விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காததற்குக் காரணம் அதன் வேதியமைப்பு. அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். இந்த அமிலச் சங்கிலியின் நடுவே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. வழக்கமான சமையல் எண்ணெய்களில் இல்லாத இந்தத் தொகுதியால் விளக்கெண்ணெய் முனைவுத் தன்மை பெறுகிறது, ஆல்கஹாலில் கரைகிறது, முனைவற்ற ரப்பருக்குள் எளிதில் நுழைவதில்லை. சார்லஸ் வேக்ஃபீல்டு இங்கிலாந்தில் 1899 இல் தொடங்கிய நிறுவனம் 1909 இல் காஸ்ட்ரால் என்ற பெயரில் விற்ற என்ஜின் எண்ணெயிலும் விளக்கெண்ணெய் கலந்திருந்தது. பிரேக் ரப்பருக்கென்றே விற்கப்படும் சிவப்பு ரப்பர் கிரீஸ் இந்த மரபில் வந்தது. விளக்கெண்ணெய் தரும் ஆமணக்கின் உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கு. பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது. தமிழ்நாட்டில் இப்பயிருக்கான ஆராய்ச்சி நிலையம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், வேளாண் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகிறது.

ஆமணக்கு மற்றொரு வழியிலும் பட்டறைக்கு வந்தது. விளக்கெண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிப் பெறும் ஓர் அமிலத்தை லித்தியத்தோடு சேர்த்தால் சோப்பு கிடைக்கிறது. 1940களிலிருந்து உலகெங்கும் பரவிய லித்தியம் கிரீஸ், எண்ணெயை இந்தச் சோப்பில் தேக்கி வைத்த பொருள்தான். ஆனால் அதில் தேங்கியிருப்பது கனிம எண்ணெய். எனவே சோப்பு ஆமணக்கிலிருந்து வந்தாலும், கடையில் கிடைக்கும் சாதாரண மஞ்சள் கிரீஸ் பிரேக் ரப்பருக்குப் பகை.

சிலிக்கோன் கிரீஸ் இரண்டாம் உலகப் போரின் விளைவு. 1943 இல் அமைந்த டவ் கார்னிங் நிறுவனம், போர் விமானங்களின் இக்னிஷன் இணைப்புகளில் ஈரம் புகாதிருக்க அதைத் தந்தது. 1960களில் இ.பி.டி.எம். சந்தைக்கு வந்து, கிளைக்கால் வகைப் பிரேக் திரவங்களுக்கு ஏற்ற ரப்பராக நிலைபெற்றது. சிலிக்கோன் அந்த ரப்பரை ஊறவைப்பதில்லை. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு: பிரான்சின் சிட்ரோயன் அதே பத்தாண்டில் கனிம எண்ணெயைப் பிரேக்குக்குப் பயன்படுத்தியது, அதற்கு ரப்பரையே மாற்ற வேண்டியிருந்தது.

டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1953 இல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. 1955 இல் சிட்ரோயன் டி.எஸ். கார் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. இரு பக்கமும் பிஸ்டன் கொண்ட நிலைக் கேலிப்பருக்கு ஸ்லைடர் பின் தேவையில்லை. விலையும் இடமும் குறைய வேண்டி மிதவைக் கேலிப்பர் பரவியபோதே பின்னுக்கு மசகும் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962 இல் சென்னையில் தொடங்கியது. 1999 இல் ஹீரோ ஹோண்டா சிபிஸி, 2001 இல் பஜாஜ் பல்சர் ஆகியவை டிஸ்க் பிரேக்கை இளைஞர் வண்டிகளுக்குக் கொண்டுவந்தன.

வகைகள்

சிலிக்கோன் கிரீஸ் பின்களுக்கு முதல் தேர்வு. வெப்பத்தில் உருகி ஓடாது, தண்ணீரில் கரையாது, இ.பி.டி.எம். ரப்பரைக் கெடுக்காது. உலோகத்தோடு உலோகம் அழுந்தும் இடத்தில் அதன் படலம் மெல்லியது என்ற குறை சொல்லப்படுகிறது. பின்னின் சுமை சிறியது என்பதால் அக்குறை இங்கே பொருட்டல்ல. பேடின் காது அமரும் இடத்துக்கு வேறு கிரீஸ் இடலாம். பாலிகிளைக்கால் கிரீஸும் இ.பி.டி.எம்.முக்கு ஏற்றது. சிவப்பு ரப்பர் கிரீஸ் ரப்பருக்குத் தீங்கற்றது. ஆனால் நீண்டநாள் சூட்டில் பிசுபிசுப்பாகும், ஆகவே வாஷர் பூட்டும்போது தடவ உகந்தது.

செம்புத்தூள் கிரீஸ் பின்னுக்கு உரியதன்று. மாலிப்டினம் கலந்த கறுப்புக் கிரீஸைப் பற்றி மெக்கானிக்குகளிடையே இரு கருத்து உண்டு. தூளால் கெடுதல் இல்லை. அடியிலுள்ள எண்ணெய் எது என்பதே கேள்வி. கடைசியில் ரப்பரை எண்ணெய்தான் தொடுகிறது. கெட்டித்தன்மையை என்.எல்.ஜி.ஐ. எண் காட்டும், வழக்கமான 2 ஆம் எண் கிரீஸ் ஊசிச் சோதனையில் 265 முதல் 295 அளவு காட்டும். ரப்பர் புஷ்ஷுக்குள் ஓடும் சில பின்களுக்கு, சில ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் கிரீஸே வேண்டாம், துடைத்தால் போதும் என்கிறார்கள். அங்கே கையேடு சொல்வதே சரி.

குண்டடம் பகுதியில்

திருப்பூர் மாவட்டம் தாராபுரம் வட்டத்தில், பல்லடம் – தாராபுரம் சாலையில் உள்ளது குண்டடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று இங்கே புழுதியைக் கிளப்புகிறது. மழை ஐப்பசி, கார்த்திகையில். ரப்பர் உறை கிழிந்திருந்தால் முதலில் புழுதியும் பிறகு ஈரமும் உள்ளே போய், கிரீஸோடு கலந்து அரைத்து, பின்னில் துரு ஏற்றும். கிழிந்த உறையை மாற்றாமல் நல்ல கிரீஸ் இடுவது வீண்செலவு.

பட்டறைகளில் பின்னை டீசலிலும் பெட்ரோலிலும் கழுவும் பழக்கம் இருக்கிறது. தனிப் பின்னுக்கு அது கெடுதலில்லை. ரப்பர் கோத்தபடியே கழுவினால், நல்ல கிரீஸ் இட்டும் பின் ஜாம் ஆகும். பிரேக் கிளீனர் தெளித்து, பழைய கிரீஸ் முழுவதும் போகத் துடைத்து, மெல்லிய படலமாகத் தடவினால் போதும். துளையை நிரப்பினால் உள்ளே அடைபட்ட காற்று பின்னை வெளியே தள்ளும். இரண்டு பின்களும் ஒன்றுபோல் தெரிந்தாலும் இடம் மாற்றிப் பூட்டக் கூடாது.

திருப்பூர்ப் பனியன் தொழில் வட்டாரத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்குச் சாயம் ஏறாத கிரே துணி ஏற்றும் வேன்காரர், சிலிக்கோன் பட்ட கையோடு துணி ரோலைத் தொடக் கூடாது. சிலிக்கோன் தண்ணீரைத் தள்ளும். பட்ட இடத்தில் சாயம் சரியாக ஏறாமல் திட்டாக நிற்கும். அந்தக் கறை எளிதில் போகாது. கையுறை போடுவதும் சோப்பால் கழுவுவதும் அவசியம்.

இன்றைய நிலை

மின் கார்களிலும் இதே பின்கள்தான். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் அரிதாகப் பிடிக்கப்பட்டு, பின்கள் நகராமல் நின்றே இறுகிப்போகும் ஆபத்து அவற்றில் கூடுதல்.